போகும் பாதை, திரும்பும் பாதை: ஒரு பழைய பிக்கப்பின் ஹீட்டர் கதை

மினசோட்டாவுக்கு வந்து கத்துக்கிட்ட பாடம் இது: இங்கே வண்டி ஹீட்டர் சொகுசு இல்லை, உயிர் சமாச்சாரம். போன ஜனவரியில், மைனஸ் 25 டிகிரி செல்சியஸில், மகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிட்டு வந்துகொண்டிருந்தேன். எங்க மூச்சுக்காற்றே முன்கண்ணாடியின் உள்பக்கம் பனியாக உறைந்துவிட்டது. ரோடு தெரியலை. ஓரம் கட்டி, பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினேன். "அப்பா, வீட்டுக்குப் போயிடுவோம்ல?" என்று கேட்டாள். இன்னும் காதில் இருக்கு.

வண்டி 1997 மாடல் பிக்கப். அதில் இரண்டு கோளாறு. காற்று சூடாக வரலை. வருகிற காற்றும் வேகமாக வரலை. நான் என்ன செய்தேன்? யோசிக்காமல் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், அப்புறம் ப்ளோயர் மோட்டாரை மாற்றினேன். இரண்டு வார இறுதி போச்சு, காசும் போச்சு. பலன் பூஜ்யம்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். சூடும் சரி, கரண்டும் சரி, இரண்டுமே ஒரு சுற்று. போனது திரும்பி வரணும். நான் போகும் பாதையை மட்டுமே பார்த்திருக்கேன்.

முதலில் சூடு. எஞ்சினில் சூடான கூலன்ட், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற குட்டி ரேடியேட்டருக்குள் போய், திரும்ப எஞ்சினுக்கு வரும். தெர்மோஸ்டாட் பொதுவாக 90 டிகிரி வாக்கில் திறக்கும். அது திறந்தபடியே மாட்டிக்கிட்டால், ஓடும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறாது. என் வண்டியில் முள் நடுவில்தான் நின்றது. அதாவது தெர்மோஸ்டாட் மேல் தப்பே இல்லை, பார்க்கத் தெரியாதது நான்தான்.

எஞ்சின் சூடானதும் கையுறை போட்டு, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் தள்ளி நின்று, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பா? கூலன்ட் குறைவு, இல்லை எஞ்சினே சூடாகலை. இரண்டும் கொதிக்குதா? காற்றைச் சூட்டுப் பக்கம் திருப்பும் உள் கதவில் கோளாறு இருக்கலாம். எனக்கு ஒன்று கொதித்தது, மற்றது சில்லென்று இருந்தது. என் வண்டியில் நடுவே வால்வு கிடையாது. ஆக, கோர் அடைப்பு.

எஞ்சின் ஆறிய பிறகு ஹோஸ்களைக் கழற்றி, வாளித் தண்ணீரைச் சின்ன பம்பு வைத்து, திரும்பும் பக்கத்திலிருந்து தலைகீழாக விட்டேன். துருச் சேறு காபி நிறத்தில் கொட்டியது. தண்ணீரை வடித்துவிட்டு, பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் ஊற்றினேன். அது மைனஸ் 37 வரை தாங்கும். பழைய கூலன்டைப் பிடித்து மூடி வையுங்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும்.

அடுத்து கரண்ட். ப்ளோயர் ஹை வேகத்தில் மட்டும் ஓடினால் பெரும்பாலும் ரெசிஸ்டர் போயிருக்கும். எனக்கு எல்லா வேகத்திலும் மந்தம். எர்த் வயரை ஏற்கெனவே மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பார்த்திருந்தேன். "பீப்" அடித்தது, நல்லாத்தான் இருக்குன்னு நம்பிட்டேன். ஆனால் 0.2 ஓம் இருந்தாலும் அது பீப் அடிக்கும்! அந்த 0.2 ஓமில் 12 ஆம்பியர் ஓடினால் 2.4 வோல்ட் அங்கேயே காலி. கூடவே 29 வாட் வெப்பம், அதுவும் நமக்கு வேண்டாத இடத்தில்.

அதனால் ப்ளோயரை ஹையில் ஓடவிட்டு அளக்கணும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை மோட்டாரின் எர்த் முனையிலும் வைத்தேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, 2.4 காட்டியது. எர்த் போல்ட்டுக்கு அடியில், குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்பு தின்ற துரு. கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவினேன். 0.1 வோல்ட்.

மொத்தச் செலவு, ஒரு கேன் கூலன்டும் ஒரு பிரஷ்ஷும். தேவையில்லாமல் மாற்றிய இரண்டு பாகங்களின் விலையை இங்கே எழுத மாட்டேன், வீட்டில் இந்தப் பதிவைப் படிப்பார்கள்.

மறுவாரம் நீச்சல் வகுப்பு முடிந்து வரும்போது மகள் சொன்னாள்: "ஹீட்டரைக் கொஞ்சம் குறைப்பா, வேர்க்குது."