தராசுக்கு முத்திரை போடுகிறோம்; வண்டி மீட்டருக்கு?

கடைத் தராசு பத்து கிராம் கூட்டியோ குறைத்தோ காட்டினால் நமக்கு இரவில் தூக்கம் வராது. முத்திரை ஆய்வாளர் வருவதற்கு முன்பே எடைக்கற்களைத் துடைத்து எடுத்து வைக்கிறோம். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டுகிறோம். அளவு தவறினால் நாணயம் போய்விடும் என்று நம் முன்னோர் நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. ஆனால் அதே கடை வாசலில் நிற்கும் சரக்கு வண்டியிலும் ஓர் அளவுக் கருவி இருக்கிறது. அது சரியாகக் காட்டுகிறதா என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம்? ஸ்பீடோமீட்டர் என்னும் வேகமானியைத்தான் சொல்கிறோம்.

நாங்களும் பார்க்காமல் இருந்தவர்கள்தாம். அதற்குக் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2008ஆம் ஆண்டு, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, விருதுநகரிலுள்ள எங்கள் மண்டியிலிருந்து மதுரைக் கடை ஒன்றுக்குப் பருப்பும் கடலை மாவும் ஏற்றினோம். ஆள் பற்றாக்குறையால் மூட்டை ஏற்றி முடிக்கவே காலை நாலேகால் ஆகிவிட்டது. "அஞ்சு மணிக்குக் கடை வாசல்ல சரக்கு நிக்கணும்" என்று சொல்லி மினி லாரியை அனுப்பினோம். தூரம் சுமார் 50 கிலோமீட்டர். திருமங்கலத்துக்கு முன்பாக, சாலையோரம் விளக்கில்லாமல் நின்றிருந்த டிராக்டர் டிரெய்லரின் பின்புறத்தில் வண்டி மோதியது. பதினான்கு ஆண்டுகள் எங்களிடம் வேலை பார்த்த ஓட்டுநரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

மருத்துவமனையில் எவ்வளவு வேகத்தில் வந்தாய் என்று கேட்டோம். "அண்ணாச்சி, மீட்டர்தான் ஓடலையே. அறுபது இருக்கும்னு நெனச்சேன்" என்றார். மீட்டர் கேபிள் அறுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் இரண்டு முறை சொல்லியும் இருந்தார். தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப் போட்டவர்கள் நாங்கள். ஒரு மூட்டைப் பருப்பின் விலையில் சிறு பகுதிகூட ஆகாத செலவு அது. 50 கிலோமீட்டரை 45 நிமிடத்தில் கடக்க வேண்டுமென்றால், எங்கும் நிற்காமல், ஊருக்குள்ளும் தணியாமல், மணிக்குச் சராசரியாக 67 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். வெட்டவெளிச் சாலையில் 80ஐத் தொடாமல் அது நடக்காது. இந்தக் கணக்கை வண்டி கிளம்பும்போது நாங்கள் போட்டுப் பார்க்கவில்லை.

மீட்டர் எப்படி வேலை செய்கிறது?

பழைய வண்டிகளில் கியர் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் மீட்டருக்கு வருகிறது. சக்கரம் சுழலும் கணக்குக்கு ஏற்ப அது உள்ளேயுள்ள காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தை ஒட்டி, ஆனால் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் கூடவே இழுபடுகிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. இந்த இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. ஜெர்மனியில் ஓட்டோ ஷூல்ட்சே என்பவர் 1902இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இப்போதைய வண்டிகளில் கேபிளுக்குப் பதிலாக மின்னணு உணரி சுற்றுகளை எண்ணி அனுப்புகிறது.

பழையதோ புதியதோ, இரண்டுக்கும் தெரிவது சக்கரம் சுற்றும் கணக்கு ஒன்றுதான். சாலை எவ்வளவு பின்னால் போயிற்று என்று மீட்டருக்குத் தெரியாது. நம் பாஷையில் சொன்னால், அது எத்தனை படி என்று எண்ணுகிறதே தவிர, படி பெரிதா சிறிதா என்று பார்ப்பதில்லை. டயர் தேய்ந்தால் படி சிறுத்துவிடும். அப்போது உண்மை வேகத்தைவிட மீட்டர் கூட்டிக் காட்டும். பாரம் தாங்கட்டும் என்று கம்பெனி அளவைவிடப் பெரிய டயரை மாட்டினால் படி பெருத்துவிடும். அப்போது மீட்டர் குறைத்துக் காட்டும். ஆபத்து இந்த இரண்டாவதில்தான்.

விபத்துக்குப் பிறகு எங்களுடைய மற்றொரு வண்டியைச் சோதித்தோம். அதற்கும் பெரிய டயர் மாட்டியிருந்தோம். முள்ளை 60இல் நிறுத்தி 5 கிலோமீட்டர் ஓட்டினோம். 300 வினாடி ஆக வேண்டியது 285 வினாடியிலேயே முடிந்தது. அதாவது முள் 60 என்று சொன்னபோது வண்டி 63இல் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்றும் வெளிப்பட்டது. இப்படிப்பட்ட வண்டி 100 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டர் கணக்கும் 95 என்றுதான் ஏறும். டீசல் கூடுதலாகப் போகிறதே என்று அந்த ஓட்டுநரை நாங்கள் சில மாதங்களாகச் சந்தேகித்து வந்தோம். தவறு அவரிடம் இல்லை. நாங்கள் வாங்கி மாட்டிய டயரில் இருந்தது.

"மீட்டர் கூட்டித்தானே காட்டும்?"

ஓட்டுநர்கள் பலரும் சொல்லும் பேச்சு இது. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் 39ஆம் எண் வாகன விதிப்படி, மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதுவும் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதன்மேல் 4 கிலோமீட்டரும் வரைதான். உண்மை வேகம் 60 என்றால் மீட்டர் 70 வரை காட்டலாம். 80 என்றால் 92 வரை காட்டலாம். ஆகவே தயாரிப்பாளர்கள் சற்றுக் கூட்டியே வைக்கிறார்கள்.

இதை நம்பி, 80 என்று காட்டினாலும் உண்மையில் 75தான் இருக்கும் என்று இன்னும் மிதிப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு வண்டியிலும் இந்த வித்தியாசம் ஒரே அளவு இருப்பதில்லை. பெரிய டயர் மாட்டினால் அந்த வித்தியாசம் முழுவதும் கரைந்து, எதிர்ப்புறமாகவே போய்விடலாம்.

இருபது கிலோமீட்டர் கூடினால் என்ன ஆகும்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி. பிறகு வினாடிக்கு 18 கிலோமீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். இது உலர்ந்த சாலையில், நல்ல பிரேக்குள்ள வண்டிக்கான கணக்கு.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நிற்க 77 அடி வேண்டும்.
60இல் வந்தால் 146 அடி வேண்டும்.
80இல் வந்தால் 235 அடி வேண்டும்.

வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் மூன்று மடங்காகிறது. காரணம், ஓடும் வண்டியில் அடங்கியுள்ள ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுகிறது. 60இலிருந்து 80 என்பது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகம். ஆனால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றலோ முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. இன்னும் ஒன்று. 60இல் வந்த வண்டி முழுவதும் நின்றுவிட்ட அதே இடத்தை, 80இல் வந்த வண்டி கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 59 இருக்கும். முன்னதற்கு ஒரு கீறலும் இல்லை. பின்னது முழு வேகத்தில் மோதியதற்குச் சமம். சாலை நனைந்திருந்தாலும், டயர் வழுவழுத்திருந்தாலும், அளவுக்கு மீறிப் பாரம் இருந்தாலும் இந்தத் தூரங்கள் எல்லாம் இன்னும் நீளும்.

இரவில் தாழ்த்திய விளக்கு 150 அடி தூரத்தைத் தெளிவாகக் காட்டினாலே பெரிது. 80இல் நிற்க 235 அடி வேண்டும். கண்ணில் பட்ட பிறகு நிறுத்த வழியில்லை. எங்கள் வண்டிக்கு நேர்ந்தது இதுதான்.

ஓட்டுநரின் அனுபவமே போதும், மீட்டர் எதற்கு என்றும் கேட்கிறார்கள். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் விரைவாக ஓட்டியவருக்கு 60 என்பது ஊர்வதுபோலத் தோன்றும். கண் பழகிவிடும், முள் பழகாது. பல்லாண்டு அனுபவமுள்ள வியாபாரியும் மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்து எடை எழுதுவதில்லையே.

இவ்வளவு ஆபத்துக்கும் கிடைக்கும் லாபம் எவ்வளவு? 50 கிலோமீட்டரை 60இல் போனால் 50 நிமிடம்; 80இல் போனால் 37 நிமிடம் 30 வினாடி. மிச்சம் பன்னிரண்டரை நிமிடம். அதையும் ஊர் எல்லை நெரிசல் விழுங்கிவிடும்.

சட்டம் நம்மையும் கேட்கிறது

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 117ஆம் விதி, வண்டியில் ஓட்டுநர் பார்வைக்கு வேகமானி இருக்க வேண்டும் என்கிறது. 2015 அக்டோபர் 1 முதல் தயாரான சரக்கு வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் விதிக்கப்பட்டது. அதைக் கழற்றிவிடச் சொல்லும் முதலாளிகளும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது வருந்தத்தக்கது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவை வணிகர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். வேகத்தை மீறி ஓட்டியவருக்கு மட்டுமின்றி, தம் ஊழியரை அப்படி ஓட்டச் செய்தவருக்கும் அபராதம் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு இலகு வண்டிக்கு ரூ. 1,000 முதல் 2,000 வரை. நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிக்கு ரூ. 2,000 முதல் 4,000 வரை. இதைவிட முக்கியம், இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று நாம் இட்ட உத்தரவு, வேக வரம்பை மீறாமல் நிறைவேற்ற முடியாதது என்று நீதிமன்றம் கருதினால், அந்த உத்தரவே நம்மேல் குற்றம் காட்டும் முதல்நிலைச் சாட்சியாகும். 2008இல் நாங்கள் சொன்ன "அஞ்சு மணி" அப்படிப்பட்ட உத்தரவுதான்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு 71 பேரின் சாவுக்குக் காரணம் மிதமிஞ்சிய வேகம்.

நாம் செய்ய வேண்டியவை

1. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மீட்டரைச் சோதியுங்கள். நெடுஞ்சாலையில் முள்ளை 60இல் நிலையாக வைத்து, கிலோமீட்டர் கல்லுக்குக் கல் நேரம் பாருங்கள். 3,600ஐ ஒரு கிலோமீட்டருக்கு ஆன வினாடிகளால் வகுத்தால் உண்மை வேகம் வரும். ஒரு கல்லை நம்பாமல் ஐந்து கல்லுக்குப் பாருங்கள். நேரம் பார்ப்பவர் ஓட்டுநர் அல்லாத வேறு ஆளாக இருக்க வேண்டும். செல்போனில் செயற்கைக்கோள் மூலம் காட்டும் வேகத்தோடும் ஒப்பிடலாம்.

2. டயர் மாற்றும்போது கம்பெனி குறித்த அளவையே போடுங்கள்.

3. முள் நடுங்கினாலும் நின்றுபோனாலும் அன்றே சரி செய்யுங்கள். அதுவரை பாரம் ஏற்றாதீர்கள்.

4. சரக்கு ஏற்றத் தாமதமானால் இறக்கும் நேரத்தையும் அதே அளவு தள்ளி வையுங்கள். வாங்குபவருக்கு நீங்களே போன் செய்து சொல்லுங்கள். ஓட்டுநர் தலையில் கட்டாதீர்கள்.

5. சில்லறைக் கடை நடத்தும் சகோதரர்கள் வண்டி வரத் தாமதமானால் ஓட்டுநருக்குப் போன் செய்ய வேண்டாம். மண்டிக்குச் செய்யுங்கள்.

அந்த ஓட்டுநர் இன்றும் எங்கள் கிட்டங்கியில் சரக்கு வரவு எழுதுகிறார். வண்டி கிளம்பும்போதெல்லாம் நோட்டிலிருந்து தலை நிமிர்ந்து, "மீட்டர் ஓடுதா?" என்று கேட்பார். ஓடுகிறது என்று பதில் வந்த பிறகே கேட்டைத் திறக்கச் சொல்வார். அவர் திறக்கச் சொல்லும் வரை நாங்களும் காத்திருக்கிறோம்.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. தராசு முள்ளுக்குக் காட்டும் கவனத்தை இனி வண்டி முள்ளுக்கும் காட்டுவோமாக.