காற்றடிக்கும் மாடிக்கு ஏற்ற தொட்டிச் செடிகள்

பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கேயுள்ள கோயமுத்தூர்ப் பகுதியில் ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று பலமாய் வீசும். அப்போது மாடித் தொட்டிச் செடிகள் கருகுவதற்கு வெயில் மாத்திரம் காரணமன்று; வேர் ஜலத்தை உறிஞ்சுவதிலும் விரைவாகக் காற்று இலையின் ஈரத்தைக் கவர்ந்துவிடுகிறது. ஆகையால் இலையைப் பார்த்தே செடியைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். அகன்று மெல்லிய இலையுடைய வாழை, சேம்பு முதலியவை இங்கு உதவா. சதைப்பற்றுள்ள சோற்றுக்கற்றாழை, தோல்போல் தடித்த இலையுடைய அரளி, குட்டையாகக் கத்தரித்து வளர்த்த காகிதப்பூ ஆகியவை நன்கு தாங்கும்.

தொட்டி கனமாயும், அடி அகன்றும், வடிதுவாரம் உள்ளதாயும் இருத்தல் அவசியம். அதைக் கைப்பிடிச் சுவரின்மேல் வையாமல், மேற்குச் சுவரின் உட்புறம் தரையில் வைத்து, காலையில் ஜலம் விடுக.

அரளி முழுவதும் நஞ்சு. கத்தரித்த கிளைகள் கால்நடைத் தீவனத்தில் கலவாதபடி உடனே புதைத்துவிடுக.