ஓடாத நாடாக்கள்: பிழை யாருடையது?

'கேசட் போச்சு' என்று சொல்வதில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. போனது நாடாவா, அதை ஓட்டிய கருவியா என்று விசாரிக்காமலே வழங்கப்படும் தீர்ப்பு. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் தெருக்கூத்து, ஒப்பாரி, கூட்டப்பேச்சு, உண்மையறியும் குழு விசாரணை என்று எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பதிவு செய்தவர்கள் தங்கள் பரணை ஒருமுறை பார்த்துவிட்டு மேலே வாசிக்கலாம். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டதுபோன்ற நிகழ்வுகளில் அரசு ஆவணம் ஒரு பிரதி. பிழைத்தவர்கள் பின்னால் வாய்விட்டுச் சொன்னது இன்னொரு பிரதி. முதலாவதைக் காக்க அலுவலகங்கள் உண்டு. இரண்டாவது, பதிவாகியிருந்தால், அநேகமாக ஒரே ஒரு கேசட்டில்தான் இருக்கும்.

நாடா என்பது பாலியெஸ்டர் பட்டைமேல் காந்தத்துகளைப் பசையில் குழைத்துப் பூசியது. அந்தப் பூச்சு ஹெட்டை உரசியபடி, வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் நகர்வதே 'வாசிப்பு'. இடையில் தூசி புகுந்தால் முதலில் சாவது உச்ச ஒலிகள்; பேச்சு மொத்தையாகக் கேட்கும். ஹெட்டின் சாய்வு பதிவுசெய்த கருவியோடு ஒத்துப்போகாவிட்டாலும் இதே மொத்தைதான். ஆக, முதலில் ஹெட்டைத் துடைத்து, வேறொரு டெக்கில் போட்டுப் பார்க்கணும். பிறகு, ஹெட்டுக்குப் பக்கத்திலுள்ள சிறு திருகைக் காதில் கேட்டபடியே துளித்துளியாகத் திருப்பினால் சொற்கள் துலங்குவதுண்டு. சத்தமே எழும்பலைன்னா கேசட்டுக்குள் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சுத்துண்டு விழுந்திருக்கலாம். அப்போது திருகுவைத்த காலிக் கூடு ஒன்றில் நாடாச்சுருளை மாற்றினால் போதும். பூசணம் பிடித்ததை மட்டும் ஓட்டவே கூடாது. டெக் வழியாக அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்.

எழுபது, எண்பதுகளின் சில ஸ்பூல் நாடாக்களில் பசையே ஈரத்தைக் குடித்துச் சிதைகிறது, கீச்சிட்டு நின்றுவிடும். இவற்றை ஆவணக்காப்பகங்கள் 50 டிகிரி அளவில் பல மணிநேரம் சூடாக்கி, தற்காலிகமாக உயிர்ப்பித்து நகலெடுக்கின்றன. இதைக் கேள்விப்பட்டு வீட்டில் அடுப்பு மூட்டும் வீரம் வேண்டாம். பழைய அசிடேட் நாடாவென்றால் அத்தோடு சரி.

பெரிய நிறுவனமென்றால் பத்திரமாக இருக்கும் என்பதும் ஒரு நம்பிக்கைதான். அப்போலோ 11 அனுப்பிய தரவுகளின் மூல நாடாக்கள் மறுபயன்பாட்டுக்காக அழிக்கப்பட்டிருக்கலாம் என்று நாசாவே 2009இல் சொன்னது. மாறாக, 1966-67இல் நிலவைப் படமெடுத்த லூனார் ஆர்பிட்டர் நாடாக்கள் தப்பின. அவற்றை வாசிக்கும் ஆம்பெக்ஸ் கருவிகளை முன்னாள் ஆவணக்காப்பாளர் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார். 2008இல் மூடிக்கிடந்த மெக்டொனால்ட்ஸ் கடையில் அவை மறுபடி ஓடின. கணினிக் காப்பு நாடாக்களிலும் கதை இதுவே: எல்டிஓ எட்டாம் தலைமுறைக் கருவி ஏழாவதை வாசிக்கும், ஆறாவதை வாசிக்காது. நாடாவில் பழுதில்லை, வாசகன் இல்லை, அவ்வளவுதான்.

எனக்கு அச்சம் தருவது இதற்குப் பிந்தைய கட்டம். கணினிக்கு மாற்றியதும் 'இரைச்சல் நீக்கம்' என்று ஒரு பொத்தான். எது இரைச்சல் என்று யார் முடிவுசெய்வது? சாட்சியம் சொல்பவளின் மூச்சுத்திணறல், பின்னால் யாரோ அதட்டும் குரல், அதன்பின் வரும் மௌனம் எல்லாம் மென்பொருளுக்குக் கழிவு. எனவே திருத்தாத நகல் ஒன்றை முதலில் தனியே வைக்கணும். கேட்காத இடத்தை ஊகித்து நிரப்பாமல், '14ஆம் நிமிடம், 9 வினாடி கேட்கவில்லை' என்று எழுதிவைக்கலாம். மூல கேசட்டையும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். அந்த 9 வினாடி வேறொரு டெக்கில் கேட்கக்கூடும்.