தூக்கி வைத்த வீடுகள்

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் நயாகரா, சி.என். கோபுரம், அதோடு சரி. நாம் இருக்கும் கனடாவின் மார்க்கம் நகரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் யூனியன்வில் மெயின் வீதியில் ஐஸ்கிறீம் என்போம். பிள்ளைகள் ஏ.ஆர். ரஹ்மான் வீதிப் பலகையின் கீழ் நின்று படம் எடுப்பார்கள்.

பார்க்க இன்னொன்றும் உண்டு. ஹைவே 48இல் 16ஆம் அவெனியூவைத் தாண்டினால் ஹெரிட்டேஜ் எஸ்டேட்ஸ் என்றொரு குடியிருப்பு. ஏறக்குறைய 40 வீடுகள், பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டினுடையவை. ஒன்றுகூட அங்கே கட்டப்பட்டதல்ல. பண்ணை நிலங்கள் குடியிருப்புகளானபோது இடிபட இருந்தவை. வாங்கி, நகர்த்தி, பழையபடி திருத்த முன்வருவோருக்கு நகரசபை 1980களிலிருந்து மலிவாகக் காணி கொடுத்தது. வீட்டின் அடியில் இரும்பு உத்தரங்களைச் செருகி, ஜாக்கியால் கிளப்பி, சக்கரங்களில் ஏற்றி, வழியிலுள்ள மின்கம்பிகளை உயர்த்தி மெல்ல மெல்லக் கொண்டுவருவார்கள். இங்கே புது பேஸ்மென்ட் காத்திருக்கும்.

கிட்டப் போய்ப் பாருங்கள். மேலே மரப்பலகைச் சுவர், விறாந்தை விளிம்பில் பின்னலாய்ச் செதுக்கிய வேலைப்பாடு. கீழே புத்தம் புதுக் கொங்கிறீட். முகப்பில் முதற் சொந்தக்காரர் பெயரும் ஆண்டும் இருக்கும். கிணறு? களஞ்சியம்? குதிரை லாயம்? அவை நின்ற இடத்தில் இப்போது டவுன்ஹவுஸ் வரிசையோ, நாம் கொத்துரொட்டி வாங்கும் பிளாசாவோ.

இடித்துக் குப்பையில் போடுவதைவிட இது மேல் என்பார்கள். சரிதான். ஆனால் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் இருக்கிறது என்றானபின், 'இங்கேயே இருக்கட்டும்' என்று மல்லுக்கு நிற்க யாருக்கு மனம் வரும்? 1971இல் தொடங்கிய பக்கத்து மார்க்கம் அருங்காட்சியகத்திலும் இதே கதை. லோகஸ்ட் ஹில் என்ற சிற்றூரில் தண்டவாளம் கிடக்கிறது. அதன் ரயில் நிலையக் கட்டடம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது!

யூனியன்வில் தப்பியது வேறு விதமாக. கென்னடி வீதியை அகலமாக்கி மெயின் வீதியை விழுங்கப் பார்த்த திட்டத்தை 1960களில் ஊரார் எதிர்த்தார்கள். வீதிதான் விலகிப் போனது. அந்த வீடுகளுக்குப் பின்கட்டும், நிழல் தரும் கிழட்டு மரமும், அடுத்த வீடும் இன்னும் உண்டு.

மேஜர் மெக்கன்சி வீதிக்கு வடக்கே காரை விட்டால், ஜன்னல்களுக்குப் பலகை அடித்துத் தனியே நிற்கும் பண்ணை வீடுகள் சில கண்ணில் படும். விருந்தினரை முதலில் அங்கே கூட்டிப் போங்கள். ஹெரிட்டேஜ் எஸ்டேட்ஸை அடுத்த வருடமும் பார்க்கலாம்.