வெள்ளம் வடிந்த பின்

2014 டிசம்பரில் கிளந்தான் மாநிலத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. சேறு கலந்து ஓடியதால் மக்கள் அதனை ‘மஞ்சள் வெள்ளம்’ என்று அழைத்தனர். குவாலா கிராய் வட்டாரத்தில் பல வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன.

நீர் வடிந்ததும் மக்கள் துயர் துடைப்பு மையங்களிலிருந்து வீடு திரும்பினர். ஆனால், வீடெங்கும் சேறு! அது காய்ந்து இறுகிவிட்டால் அகற்றுவது கடினம். கிணற்று நீரும் மாசுபட்டிருக்கும். அந்நேரத்தில் உணவும் உடையும் மட்டும் போதா. மண்வெட்டி, வாளி, நீர் இறைக்கும் இயந்திரம் ஆகியவற்றோடு உழைக்கும் கைகளும் தேவை. ரப்பர் மரம் சீவிப் பிழைப்போருக்கு மீண்டும் வேலை தொடங்கும்வரை வருமானமும் இராது.

ஆகவே, உதவச் செல்வோர் முதலில், “உங்களுக்கு என்ன தேவை?” என்று ஊராரிடம் கேட்க வேண்டும். நாளிதழ்களில் வெள்ளச் செய்தி நின்றுவிடலாம். சீரமைப்புப் பணியோ பல மாதங்கள் நீடிக்கும்.