அடுத்தவர் ஆய்வைக் 'காப்பி' அடித்தால் பட்டம் காலி!
சேலம், நாமக்கல் மாணவர்களே, உஷார்!

ஜெராக்ஸ் கடைக்குப் போனான். சீனியரின் ஆய்வேட்டை நகல் எடுத்தான். அட்டையில் தன் பெயரைப் போட்டு 'பைண்டிங்' செய்தான். பட்டம் வாங்கினான்!

இந்தப் 'பாச்சா' இனி பலிக்காது.

இப்படிக் காப்பி அடிப்பதைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் கடுமையான விதி கொண்டுவந்தது. 1997-ல் தொடங்கிய சேலம் பெரியார் பல்கலைக்கழகம் உள்பட நாடு முழுவதற்கும் இதே விதிதான்.

60-ஐத் தாண்டினால்...

முதுகலை, பி.எச்டி. ஆய்வேடுகள் கம்ப்யூட்டரில் சோதிக்கப்படுகின்றன. பிறர் எழுத்தோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று அது புட்டுப்புட்டு வைத்துவிடும்.

10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை போனால், 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை போனால், ஒரு வருஷத்துக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து!

பட்டம் வாங்கிய பிறகு குட்டு உடைந்தால்? வாங்கிய பட்டத்தையும் நிறுத்தி வைப்பார்கள்.

செமஸ்டர் 'அசைன்மெண்ட்', 'பிராஜக்ட்' இரண்டும் இந்த விதிக்குள் வராது. ஆனால் அங்கே பழகிய கைதான் ஆய்வேட்டிலும் காப்பி அடிக்கும்!

துணைவேந்தரே மாட்டினார்!

வடக்கே குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் பி.எஸ்.ராஜ்புத். அவரும் அவருடைய மாணவரும் பெயர் போட்ட இயற்பியல் கட்டுரை, அமெரிக்கப் பேராசிரியை ரெனாட்டா கல்லோஷ் 1996-ல் வெளியிட்டதன் காப்பி என்று 2002-ல் புகார் கிளம்பியது. ஸ்டான்போர்டு விஞ்ஞானிகள் அன்றைய ஜனாதிபதி அப்துல் கலாமுக்கே கடிதம் எழுதினார்கள். விசாரணை நடந்தது. 2003-ல் துணைவேந்தர் பதவி விலகினார்.

தப்பிப்பது எப்படி?

நாமக்கல் முட்டைத் தொழில் பற்றி ஆய்வேடு எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். 'நாமக்கல் கோழிப்பண்ணைக்குப் பேர் போன ஊர்' என்று எழுத யார் பெயரும் போட வேண்டாம். அது ஊரறிந்த சங்கதி.

ஆனால் ஒருவர் பண்ணை பண்ணையாக அலைந்து எடுத்த தீவனச் செலவுக் கணக்கை எடுத்தாண்டால், அவர் பெயர், நூல், வருஷம், பக்கம் எல்லாம் போட்டே ஆகணும். அவர் வரியை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறியும் வேண்டும்.

"வார்த்தையை மாத்திட்டேனே சார்!" என்றால் எடுபடாது. 'விலை உயர்ந்தது' என்பதை 'விலை ஏறியது' என்று மாற்றினால் சரக்கு உங்களுடையது ஆகிவிடுமா? சொந்த நடையில் எழுதினாலும், கருத்து யாருடையதோ அவர் பெயர் வர வேண்டும்.

குறிப்பு எடுக்கும்போதே பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். பாதித் தப்பு அங்கேயே நின்றுவிடும்.

கடன் வாங்குவது கேவலம் அல்ல. யாரிடம் வாங்கினோம் என்று கணக்கில் எழுதினால் அது நாணயம். எழுதாமல் எடுத்தால் அதற்குப் பெயர் வேறு!