விரிச்சியும் வலியறிதலும்: இலங்கை மகளிர் அணிக்கு ஓர் ஆரூடம்

போர்மேற் சென்ற தலைவன் வென்று மீள்வானோ என்பதை அறிய, முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று, நெல்லும் முல்லை மலரும் தூவி, அயலார் வாயிலிருந்து வரும் நற்சொல்லுக்குச் செவி சாய்த்து நின்றதை முல்லைப்பாட்டிற் கற்றிருக்கின்றோம். அன்று அவர்கள் கேட்டது, தாய்ப்பசுவைக் காணாது வருந்திய கன்றைத் தேற்றிய ஓர் ஆய்மகளின் சொல். விரிச்சி என்பது அதன் பெயர். அம்முதுபெண்டிரின் பணியை இக்காலத்தில் விளையாட்டு விமரிசகர் ஏற்றுள்ளனர். ஆனால் இவர்கள் ஊர்ப்புறம் வரை நடப்பதுமில்லை; செவி சாய்ப்பதுமில்லை. அவுஸ்திரேலியா, இங்கிலாந்து, இந்தியா என்னும் பெயர்களை முதலில் எழுதிவிட்டு, எஞ்சிய நாடுகளை ஒரே வரியில் அடக்கிவிடுகின்றனர். அவ்வொரு வரிக்குள் அகப்பட்டுக் கிடப்பது எமது இலங்கை மகளிர் துடுப்பாட்ட அணி.

தமிழ்ப் பண்டிதனுக்குத் துடுப்பாட்டத்தோடு என்ன உறவு என அன்பர் சிலர் நகைக்கக்கூடும். வள்ளுவர் வலியறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கும்போது, யான் அதனை வகுப்பறையோடு நிறுத்திவிடுதல் முறையன்று. மேற்கொண்ட செயலின் கடுமை, நம் ஆற்றல், எதிர்நிற்பவரின் ஆற்றல், இருவர்க்கும் துணையாவாரின் ஆற்றல் ஆகியவற்றை எடைபோட்டபின்பே முடிவு கூற வேண்டும் என்பது அவர் கருத்து. பெயரை எடைபோடும்படி அவர் எங்கும் கூறவில்லை.

நம் ஆற்றலை முதலிற் பார்ப்போம். எமது மாத்தளை மாவட்டத்திலேயே, அலுவிகாரையூடாக வடக்கே செல்லும் யாழ்ப்பாண வீதியிலுள்ள தம்புள்ளையில், 2024ஆம் ஆண்டு யூலை 28ஆம் நாள் ஆசியக் கிண்ண இறுதியாட்டம் நடைபெற்றது. இந்தியா 20 ஓவர்களில் 165 ஓட்டங்கள் குவித்தது. இரண்டாண்டுகளுக்கு முன், சில்ஹெட் நகரில், அதே கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் அதே இந்தியாவுக்கு எதிராக இலங்கை 20 ஓவரும் ஆடி 9 விக்கெட்டுகளை இழந்து 65 ஓட்டங்களே பெற்றிருந்தது. அதனை நினைவிற்கொண்டோர் தம்புள்ளையிலும் முடிவு தெரிந்துவிட்டதென்றே எண்ணியிருப்பர். ஆயின், அணித்தலைவி சமரி அத்தபத்து 43 பந்துகளில் 61 ஓட்டங்கள் பெற்று நீங்க, ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காது 69, கவிஷா டில்ஹாரி ஆட்டமிழக்காது 30 என நின்றாட, எட்டுப் பந்துகள் மீதமிருக்க, இரண்டே விக்கெட்டுகளின் இழப்பில் இலக்கு எட்டப்பட்டது. இலங்கை மகளிர் ஆசியக் கிண்ணத்தை முதன்முதல் ஏந்தியது அன்றுதான்.

இது நாளொன்றின் நற்பேறு என்பார்க்கு, அதற்கு முந்திய ஏட்டைப் புரட்டிக் காட்டுவேன். 2023இல் நியூசிலாந்தை ஒருநாள் தொடரில் வென்றனர். அதே ஆண்டு செப்டெம்பரில் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே இருபது ஓவர்த் தொடரில் 2–1 என வீழ்த்தினர். 2024 ஏப்பிரலில் தென்னாபிரிக்காவிலும் அவ்வாறே வென்றனர். அப்பயணத்தில் பொச்செஃப்ஸ்ட்ரூம் நகரில் நிகழ்ந்த ஒருநாள் ஆட்டம் தனியே சொல்லத்தக்கது. தென்னாபிரிக்கா 301 ஓட்டங்கள் பெற்றது. அந்நாள்வரை மகளிர் ஒருநாள் ஆட்டங்களில் எவ்வணியும் துரத்தி எட்டாத இலக்கு அது. இலங்கையின் நான்கு விக்கெட்டுகள் சரிந்த பின்னரும் அத்தபத்து அசையாது நின்று, 139 பந்துகளில் 195 ஓட்டங்களோடு வெற்றியைக் கொண்டுவந்தார். மறுமுனையில் நிலக்ஷிகா சில்வா 50 ஓட்டங்களோடு துணை நின்றார். 195ஐப் பலரும் எழுதினர். அந்த 50ஐ எழுதியோர் மிகச் சிலர்.

அத்தபத்துவையேனும் உலகம் உரிய விலைக்கு மதித்ததோ என்றால், அதுவுமில்லை. குருநாகல் மாவட்டத்துக் கொகரெல்லையிற் பிறந்த இவர், 2023இல் அவுஸ்திரேலியாவின் மகளிர் பிக் பாஷ் தொடரிலே தலைசிறந்த ஆட்டக்காரராகத் தெரிவுசெய்யப்பட்டார். அதே டிசெம்பரில் நடந்த இந்திய மகளிர் பிரிமியர் லீக் ஏலத்தில் அவரை வாங்குவார் ஒருவருமில்லை! வேறொருவர் விலகிய இடத்துக்கே பின்னர் அழைத்தனர்.

இனி மறுபக்கம். நடுவுநிலை தவறின் ஆரூடம் துதிபாடலாகிவிடும். தம்புள்ளை வெற்றிக்கு மூன்று மாதமும் ஆகுமுன், 2024 ஒக்டோபரில் அமீரகத்தில் நடந்த இருபது ஓவர் உலகக் கிண்ணத்தில் இவ்வணி ஆடிய நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. அதற்குமுன், ஓகஸ்டில் அயர்லாந்தில், விஷ்மி குணரத்னவும் ஹர்ஷிதாவும் அடுத்தடுத்த ஒருநாள் ஆட்டங்களிற் சதம் பெற்றனர். அதுவரை இலங்கை மகளிருள் ஒருநாள் ஆட்டத்தில் சதம் கண்டவர் அத்தபத்து ஒருவரே. பெருமகிழ்ச்சிக்குரிய செய்திதான், ஆயினும் அவ்விரண்டு ஆட்டங்களிலும் இலங்கை தோற்றது. 2025 உலகக் கிண்ணத்திலோ கொழும்பு மழை மூன்று ஆட்டங்களைக் கெடுத்தது. ஒரே வெற்றி பங்களாதேசத்துக்கு எதிரானது. இறுதி ஓவரில் 9 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது, பந்தைக் கையிலெடுத்தவரும் அத்தபத்துவே. முதல் நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகள் வீழ்ந்தன. துடுப்பைத் தாங்கிய தோளே பந்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. அவர் 2025 பெப்ரவரியில் 35 வயதை நிறைத்தவர். அத்தொடரின் முதலாட்டத்தில் இந்தியாவின் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்திய இனோகா ரணவீரவுக்கு அப்போது வயது 39.

ஆக, வள்ளுவர் சொன்ன நான்கனுள் கடைசியாகிய துணைவலியே இங்கு மெலிந்து கிடக்கின்றது. ஒரு செய்தி சொன்னால் விளங்கும். இலங்கை மகளிர் 1998 ஏப்பிரலில் கொழும்பில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரு டெஸ்ட் போட்டி ஆடி, 309 ஓட்டங்களால் வென்றனர். 2025 முடியும்வரை அவர்களுக்கு இரண்டாவது டெஸ்ட் கிடைக்கவில்லை. ஆடியது ஒன்று, வென்றது ஒன்று. பிறகு இருபத்தேழு ஆண்டுகள் வெறுங்களம்! வென்றவர்க்கே இக்கதியென்றால், பழகவருஞ் சிறுமியர்க்கு என்ன ஊக்கம் இருக்கும்?

சென்ற தவணை, என்னிடம் தமிழ் பயிலும் மாணவி ஒருத்தி மாலை வகுப்புக்குப் பதிலாக மென்பந்துப் பயிற்சிக்குச் செல்ல அனுமதி கேட்டாள். மறுநாள் அவள் தந்தையார் வந்தார். தோட்டத்திலே தொழில் செய்பவர். "இதுல புள்ளைக்கு ஏதாச்சும் வழி இருக்குங்களா, ஐயா? அவங்க செயிக்கிறதே இல்லேன்னு எல்லாரும் சொல்றாங்களே" என்றார். செயிப்பதே இல்லை என்னும் சொல் எங்கோ ஒரு பத்திரிகைப் பத்தியிற் பிறந்து, லயத்து வாசல்வரை வந்து, ஒரு சிறுமியின் கைப்பந்தைப் பிடுங்க நிற்கின்றது. யான் தம்புள்ளைக் கணக்கையும் அமீரகக் கணக்கையும் ஒருசேரவே அவருக்குச் சொன்னேன். வாரத்தில் இரு மாலைகள் அவள் பயிற்சிக்குப் போகிறாள். வெண்பாவிலே தளை தட்டும் இடம் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. பந்து விழும் இடம் நன்றாகப் பிடிபடுகின்றது.

வாய்மொழியாய் வந்த பௌத்த மறைகளை கி.மு. முதல் நூற்றாண்டில் ஏட்டிலேற்றியதாகப் போற்றப்படும் ஊர் எமது அலுவிகாரை. இவ்வூரிலிருந்து ஆரூடம் சொல்பவனும் எழுதியே வைத்தல் வேண்டும். வாய்ச்சொல்லாயின் தோற்றபின் திருத்திக்கொள்ளும் ஆசை வந்துவிடும். 1995இல் நியூசிலாந்திலும் பாகிஸ்தானிலும் எமது ஆடவர் அணி டெஸ்ட் தொடர்களை வென்றதை ஊன்றிப் பார்த்தோர், 1996 மார்ச்சில் இலாகூரில் உலகக் கிண்ணம் கிடைத்தபோது வியந்திருக்க மாட்டார்கள். அதே கண்கொண்டு, 2025 உலகக் கிண்ணம் வரையுள்ள கணக்கை வைத்து எழுதுகிறேன். வரும் பருவத்தில் இவ்வணி, சுழற்பந்துக்கு இசைந்த மெதுவான ஆடுகளங்களில், பேரணி ஒன்றையேனும் இருபது ஓவர் ஆட்டத்தில் வீழ்த்தும். அத்தபத்து 20 ஓட்டங்களுக்குள் நீங்கிய நாளில், ஏனையோர் அணியை 150க்கு மேல் கொண்டுசென்றால், உலகப் போட்டியின் அரையிறுதிக்கும் இதனை எதிர்பார்க்கலாம். அது நிகழாதவரை அரையிறுதி இவர்களுக்கு எட்டாது. நேயர்கள் இத்தாளை வெட்டி வைத்துக்கொள்க. ஹர்ஷிதாவின் பெயருக்கும் விஷ்மியின் பெயருக்கும் நேரே வரும் எண்களை ஒவ்வோர் ஆட்டத்தின் பின்னும் இதன் ஓரத்திற் குறித்து வருக.